நவம்பரில் வந்து சேரும் பிள்ளை

மற்ற ஊர்களில் பள்ளிச் சேர்க்கை ஜூன், ஜூலையோடு ஓய்ந்துவிடும். திருப்பூரில் அது ஆண்டு முழுக்க நடக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போன குடும்பம் திரும்பும்போது தம்பி குடும்பத்தையும் கூட்டி வரும். ஆர்டர் கூடினால் பனியன் கம்பெனிக்கு ஆள் வரும். ஆளோடு பிள்ளையும் வரும். தேனி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்று ஒரே வகுப்பில் நாலைந்து பேச்சு கேட்கும்.

ஜூன் மாதம் எவ்வளவு அழகாக வகுப்பை ஒழுங்குபடுத்தினாலும், நவம்பரில் ஒரு பிள்ளை வந்து கதவருகே நிற்கும். அந்தப் பிள்ளை பயமில்லாமல் உட்கார அங்கே இடம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் ஒரு வகுப்பை எடைபோட வேண்டும். அந்த இடத்தை ஆசிரியர் தனியாகக் கொடுத்துவிட முடியாது. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய பிறகும், குழாயடியிலும், கழிப்பறை வாசலிலும், பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும் சந்திலும் அந்தப் பிள்ளையோடு இருக்கப்போவது மற்ற பிள்ளைகள். ஆகவே வரவேற்கும் வகுப்பைக் கட்ட வேண்டியவர்கள் பிள்ளைகளே. அதற்கு வழி செய்து கொடுப்பது நம் வேலை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகவும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்காகவும் இந்தப் பட்டியல்.

1. வகுப்பின் விதிகள்

செய்ய வேண்டியவை

• “இந்த வகுப்பில் உங்களுக்கு எப்போது பயமாக இருக்கும்?” என்று கேட்டுத் தொடங்குங்கள். “தப்பாப் படிச்சா சிரிக்கிறாங்க”, “பாத்ரூம் கதவை வெளியிலிருந்து தள்றாங்க”, “என் பையைத் தூக்கி எறியறாங்க” என்று பதில் வரும். ஒவ்வொரு பதிலும் ஒரு விதிக்கான கரு.

• ஐந்து விதிகள் போதும். என்ன செய்வோம் என்று சொல்லும் விதிகளாக இருக்கட்டும். “கேலி செய்யாதே” என்ற விதியை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால் பழக முடியாது. “ஒருவர் தடுமாறினால் காத்திருப்போம்” என்பதைப் பழக முடியும்.

• ஒவ்வொரு விதிக்கும் பிள்ளைகளே படம் வரையட்டும். எந்த எழுத்தும் தெரியாத பிள்ளைக்கும் அது புரியும்.

• வாரத்துக்கு இரண்டு பேரைக் கூட்டாளிகளாக நியமியுங்கள். புதிதாக யார் வந்தாலும் கழிப்பறை, குடிதண்ணீர், சாப்பிடும் இடம் மூன்றையும் காட்டுவதும், இடைவேளையில் கூட இருப்பதும் அவர்கள் வேலை. முறை எல்லோருக்கும் வர வேண்டும். வந்து மூன்று மாதமே ஆன பிள்ளைக்கும் வர வேண்டும். தான் வந்த நாளில் என்ன தேவைப்பட்டது என்பதை மறக்காத பிள்ளை அது.

• புதுப் பிள்ளை வந்த இரண்டாம் வாரத்தில் விதிகளை மறுபடி எடுத்துப் பேசுங்கள். அந்தப் பிள்ளையும் ஒன்றைச் சேர்க்கலாம், ஒன்றை மாற்றலாம். அப்போதுதான் அது அந்தப் பிள்ளைக்கும் உரிய வகுப்பு.

செய்யக்கூடாதவை

• கடையில் அச்சடித்து விற்கும் விதிப் பலகையை வாங்கி மாட்டாதீர்கள். பிள்ளைகள் பேசிப் போடாத விதியைப் பிள்ளைகள் காக்க மாட்டார்கள்.

• ஆசிரியர் இல்லாத நேரத்தில் “பேசியவர்கள்” பட்டியலை வகுப்பு லீடர் கரும்பலகையில் எழுதும் வழக்கத்தைக் கைவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சக பிள்ளைகள் மேல் காவல் அதிகாரம் கொடுத்தால், எதிர்த்துப் பேச மொழி இல்லாத பிள்ளையின் பெயர்தான் முதலில் ஏறும்.

• நன்றாகப் படிக்கிற நாலு பேருக்கே எல்லாப் பொறுப்பையும் கொடுக்காதீர்கள். ஓயாமல் சேட்டை செய்யும் பையனிடம் ஒரு புதுப் பிள்ளையை ஒப்படைத்துப் பாருங்கள். பல நேரம் அவன்தான் நன்றாகப் பார்த்துக்கொள்வான்.

2. சேர்க்கும் நாள்

செய்ய வேண்டியவை

• சட்டம் பிள்ளையின் பக்கம் இருக்கிறது என்பதை அலுவலகத்தில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காகவோ தொடக்கக் கல்வியை மறுக்கக் கூடாது என்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

• வயதுக்கேற்ற வகுப்பில் சேருங்கள். பத்து வயதுப் பிள்ளையைத் தமிழ் தெரியாது என்பதற்காக ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார வைத்தால் வெட்கமே அந்தப் பிள்ளையை விரட்டிவிடும். விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை அதே சட்டத்தில் இருக்கிறது.

• முதல் வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அனுமதியுங்கள். புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் வாரக்கணக்கில் வாய் திறக்க மாட்டார்கள். காது மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த மௌனம் மந்தம் அல்ல.

செய்யக்கூடாதவை

• எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தி “எந்த ஊர்? அப்பா என்ன வேலை? வாடகை வீடா?” என்று விசாரிக்காதீர்கள். தேவையான விவரங்களைப் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள்.

• “உங்க பாஷையில ஒரு பாட்டுப் பாடு” என்று முதல் நாளே மேடையேற்றாதீர்கள். அன்பாகக் கேட்டாலும் வேடிக்கைப் பொருளாக நிறுத்துவதுதான் அது. பாட்டு, பயம் போன பிறகு தானாக வரும்.

3. பெயரும் மொழியும்

செய்ய வேண்டியவை

• பெயரை அந்தப் பிள்ளை சொல்வதுபோலச் சொல்லப் பழகுங்கள். வகுப்பு முழுக்க அந்தப் பெயரை இரண்டு முறை கூடிச் சொல்லட்டும். எமிஸ் என்ற மாணவர் விவரப் பதிவில் எழுதும்போது எழுத்துகளைப் பெற்றோரிடம் காட்டிச் சரிபாருங்கள். இன்று ஓர் எழுத்து பிசகினால், பிற்பாடு ஒவ்வொரு சான்றிதழுக்கும் அந்தக் குடும்பம் அலைய வேண்டிவரும்.

• வீட்டில் என்ன மொழி என்று கேட்டு எழுதிவையுங்கள். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைக்கு இந்தி தாய்மொழி அல்ல. பீகாரிலிருந்து வந்த பிள்ளை வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசலாம். ஜார்க்கண்டுப் பிள்ளை சந்தாலி பேசலாம். இது தெரியாமல் இந்தியில் பேசி, “இதுவும் புரியலையே” என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

• பத்துப் பட அட்டைகள் தயார் செய்யுங்கள்: தண்ணீர், கழிப்பறை, பசி, வலி, காய்ச்சல், பயம், வேண்டாம், உதவி, அம்மா, வீடு. அட்டையைத் தொட்டுக் காட்டினாலே போதும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். வயிற்று வலியைச் சொல்லத் தெரியாமல் ஒரு பிள்ளை மதியம் வரை அழுதுகொண்டிருக்கக் கூடாது.

• அந்தப் பத்துச் சொற்களையும் புதுப் பிள்ளையின் மொழியில் மற்றப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். அன்று அந்தப் பிள்ளைதான் வாத்தியார். வகுப்பில் எதுவும் தெரியாதவர் என்ற நிலையிலிருந்து ஒன்று தெரிந்தவர் என்ற நிலைக்கு அது அந்தப் பிள்ளையை நகர்த்தும்.

• பனியன் வேஸ்ட் துணி இந்த ஊரில் எங்கும் கிடைக்கிறது. அதில் கைப்பொம்மை செய்யச் சொல்லுங்கள். நேராகப் பேசக் கூச்சப்படும் பிள்ளை பொம்மையின் வாய் வழியாகப் பேசும். தமிழில் முதல் வாக்கியம் பல நேரம் அப்படித்தான் வரும்.

• கேரளத்தைப் பாருங்கள். எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் ‘ரோஷ்னி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளையின் மொழியும் மலையாளமும் தெரிந்த கல்வித் தன்னார்வலர்கள், தெரிந்த மொழியைப் பிடித்துக்கொண்டு மலையாளத்துக்குள் கூட்டிப்போனார்கள். நம் பள்ளி மேலாண்மைக் குழுவும் தேடினால், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் பத்தாவதோ பன்னிரண்டோ படித்த ஒடியாப் பெண் ஒருவர் கிடைப்பார். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர் வந்தாலே வகுப்பு மாறும்.

• தமிழ் கற்பிப்பதைத் தளர்த்த வேண்டாம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டப்படி இங்கு படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தமிழ் பாடம் உண்டு. ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் கடையிலும் அந்தப் பிள்ளையைக் காப்பதும் தமிழ்தான். பல குடும்பங்களில் அப்பா அம்மாவுக்குத் தமிழ் பேசித் தருவது இந்தப் பிள்ளைகள்.

செய்யக்கூடாதவை

• “இந்திக்காரன்”, “வடக்கன்”, “பாய்” என்று யாரும் யாரையும் கூப்பிட விடாதீர்கள். முதலில் ஆசிரியர்கள் அறையில் அந்தப் பேச்சு நிற்க வேண்டும். பிள்ளைகள் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

• வாயில் நுழையவில்லை என்று பெயரைச் சுருக்கி வேறு பெயர் வைக்காதீர்கள்.

• தாய்மொழியில் பேசினால் அபராதம், முட்டி போடுதல் என்று எதுவும் வேண்டாம். ஒரே ஊர்ப் பிள்ளைகள் இருவர் தங்கள் மொழியில் பேசிக்கொள்வது, பாதிப் பாடத்தை ஒருவர் இன்னொருவருக்கு விளக்குவதாகவே இருக்கும்.

• எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளைப் பட்டப்பெயர் ஆக்காதீர்கள். தமிழில் அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம்.

• பேச்சு வழக்கை வைத்து மரியாதையை அளக்காதீர்கள். கொங்கு நாட்டில் சிறு பிள்ளையும் “ஏனுங்க டீச்சர்” என்று கேட்கும். தெற்கேயிருந்து வந்த பிள்ளை “என்ன டீச்சர்” என்று கேட்டால் அது திமிர் அல்ல. அவர்கள் ஊர்ப் பேச்சு அது.

4. உட்காரும் இடம், சாப்பாடு, சாதி

ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளையை வரவேற்கும் வகுப்பு, உள்ளூரிலேயே ஒதுக்கப்பட்ட பிள்ளையை ஒதுக்கினால் அது வரவேற்பே அல்ல. 2018 ஜூலையில் அவிநாசி வட்டாரத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் பட்டியலினப் பெண் ஒருவர் சத்துணவு சமைப்பதை ஊரில் சிலர் எதிர்த்தார்கள். அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். போராட்டத்துக்குப் பிறகு அந்த உத்தரவு ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. பெரியவர்கள் பள்ளி வாசலில் நின்று அன்று பேசியதைப் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். சாதியைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் கற்பதில்லை. யார் தட்டை யார் தொடலாம் என்பதில் கற்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

• இருக்கைகளைப் பெயரின் அகர வரிசைப்படி அமைத்து, மாதம் ஒருமுறை சுழற்றுங்கள். நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அகர வரிசை இருக்கையைப் பரிந்துரைத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்றும் அது சொன்னது. தொடக்கப் பள்ளியிலேயே இவற்றைப் பழக்கமாக்கலாம்.

• காலை உணவிலும் மதிய உணவிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. விடிகாலையில் சமைக்க நேரமில்லாத குடும்பங்கள் நிறைந்த இந்த ஊரில், ஒரு நாளின் முதல் சோற்றை எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகச் சாப்பிடும் வாய்ப்பு அது. சமைத்தவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

• ரவா உப்புமா, பொங்கல், சாம்பார் ருசி பழகாத பிள்ளைக்கு முதலில் கொஞ்சமாகப் போடுங்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

• கூட்டுவது, அடுக்குவது போன்ற வேலைகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வைத்து வரட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலை.

செய்யக்கூடாதவை

• கழிப்பறை கழுவும் வேலையை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளை மட்டும் அழைத்துச் சொல்வது குற்றம். தமிழ்நாட்டில் அதற்காகத் தலைமை ஆசிரியர் கைதானதுண்டு.

• உதவித்தொகைப் படிவத்துக்காக “எஸ்சி பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு வாங்க ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

• யார் வீட்டில் என்ன இறைச்சி சாப்பிடுகிறார்கள் என்பது வகுப்பில் பேசுபொருள் ஆகக் கூடாது.

5. சண்டையும் தண்டனையும்

செய்ய வேண்டியவை

• வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வட்டமாக உட்காருங்கள். இந்த வாரம் யார் யாருக்கு உதவினார்கள், எது வலித்தது, அடுத்த வாரம் என்ன மாற்றலாம் என்ற மூன்றே கேள்விகள். பேச விரும்பாதவர் “அடுத்தவர்” என்று சொல்லிவிடலாம்.

• சண்டை வந்தால் இருவரையும் தனித்தனியே கேளுங்கள். தமிழ் சரளமாக வரும் பிள்ளை தன் கதையை முதலில் சொல்லிவிடும், அதுவே உண்மையாகிவிடும். மொழி தெரியாத பிள்ளை வரைந்து காட்டட்டும், நடித்துக் காட்டட்டும், கூட்டாளி உதவட்டும்.

• பிள்ளைகளின் நியாய உணர்வை நம்புங்கள். போலந்தில் வார்சா நகரில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் 1912இல் தொடங்கிய யூத அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் பிள்ளைகளே நடத்திய நீதிமன்றம் இருந்தது. பெரியவர்கள் மேலும் அங்கே வழக்குத் தொடரலாம். கோர்ச்சாக்கே குற்றம் சாட்டப்பட்டு நின்றதுண்டு. அதன் விதிகளில் பெரும்பாலானவை மன்னிப்பதற்கானவை. நமக்கு நீதிமன்றம் தேவையில்லை. அந்த மனநிலை தேவை. கெட்டதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நியாயமான பதில் சொல்வார்கள். கிழித்த நோட்டை ஒட்டித் தரலாம், தள்ளிவிட்டதில் அடிபட்ட பிள்ளைக்கு மருந்து போட்டுவிடலாம்.

• எழுதிப்போட ஒரு பெட்டி வையுங்கள். ‘மாணவர் மனசு’ பெட்டி உங்கள் பள்ளியில் இருந்தால், எழுதத் தெரியாதவர் படம் வரைந்தும் போடலாம் என்று சொல்லுங்கள். வாரம் தவறாமல் திறந்து பாருங்கள். ஒருமுறை திறக்காமல் விட்டாலும் பிள்ளைகள் கவனித்துவிடுவார்கள்.

செய்யக்கூடாதவை

• அடி, தோப்புக்கரணம், வெயிலில் நிறுத்துதல், முட்டி போடுதல் எதுவும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தை நோகடிப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. ஆசிரியர் அடிக்கும் வகுப்பில், அடிப்பது சரிதான் என்ற பாடத்தைத்தான் பிள்ளைகள் இடைவேளையில் திருப்பிச் செய்கிறார்கள்.

• “ரெண்டு பேரும் கை குலுக்குங்க, போச்சு” என்று அவசரமாக முடிக்காதீர்கள். ஒருவர் தினமும் அடி வாங்குபவராக இருந்தால், அது அந்தப் பிள்ளையைத் தனியாக விட்டுவிடுவது.

• பேன், நாற்றம், கிழிந்த சட்டை பற்றி வகுப்பில் பேசாதீர்கள். பத்து வீட்டுக்கு ஒரு குழாய் இருக்கும் லைன் வீட்டில் காலையில் குளிப்பது பிள்ளையின் கையில் இல்லை.

6. உடல் பாதுகாப்பு

செய்ய வேண்டியவை

• “வேண்டாம்” என்று சத்தமாகச் சொல்வது, அங்கிருந்து நகர்வது, நம்பும் பெரியவரிடம் சொல்வது என்ற மூன்றையும் நடிப்பாகப் பழக்குங்கள். புதுப் பிள்ளையின் மொழியிலும் பழக்குங்கள். ஆபத்தில் வாய்க்கு வருவது தாய்மொழிதான்.

• பெற்றோர் இரவு திரும்பும் வரை தனியாகவோ அக்கம்பக்கத்தார் பொறுப்பிலோ இருக்கும் பிள்ளைகள் யார் என்று தெரிந்துவைத்திருங்கள்.

• குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டையும் பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதிவையுங்கள்.

• பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கலாம் என்று தெரிந்தால் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ உடனே தெரிவியுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

செய்யக்கூடாதவை

• பிள்ளை சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். “நீ ஏன் அங்க போன?” என்று கேட்காதீர்கள்.

• ஊர்ப் பெயர் கெடும், கான்ட்ராக்டர் கோபிப்பார் என்று சமரசம் பேச உடன்படாதீர்கள். பிள்ளையின் அடையாளத்தை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லாதீர்கள்.

7. ஷிப்ட் நேரமும் பள்ளி நேரமும்

செய்ய வேண்டியவை

• கம்பெனி நேரத்தை மனத்தில் வைத்துப் பள்ளியை நடத்துங்கள். காலை எட்டரைக்கு வேலை தொடங்கினால் அம்மா எட்டு மணிக்கே கிளம்பியாக வேண்டும். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை. மூன்றாம் வகுப்பு அக்காதான் ஒன்றாம் வகுப்புத் தம்பிக்குத் தலை சீவிக் கூட்டி வருகிறாள். அவள் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் அது ஒரு வேலையை முடித்துவிட்டு வரும் தாமதம்.

• பெற்றோர் கூட்டத்தை ஞாயிறு காலையிலோ, வார நாளில் இரவிலோ லைன் வீட்டு வாசலிலேயே வைத்துப் பாருங்கள். பள்ளிக்கு வராத அப்பாக்கள் அங்கே வருவார்கள்.

• வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையிடம் காரணத்தை மெதுவாகக் கேளுங்கள். வீட்டுக்கு வரும் பனியன் பீஸ்களில் பிசிறு வெட்ட இரவு வெகுநேரம் உட்கார்ந்திருக்கலாம். பெற்றோரிடம் பழி சொல்லாமல் பேசுங்கள். பிள்ளையின் தூக்கம் என்ற ஒன்றில் அவர்களும் உங்களோடு உடன்படுவார்கள்.

செய்யக்கூடாதவை

• சிறு விஷயத்துக்கெல்லாம் “அப்பாவைக் கூட்டிட்டு வா” என்று அனுப்பாதீர்கள். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவருக்கு அது அன்றைய கூலி. அந்த இழப்பு வீட்டில் பிள்ளையின் முதுகில் விழும்.

• கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அக்காவைத் திருப்பி அனுப்பாதீர்கள். அன்று உட்கார வையுங்கள். மறுநாளே அருகிலுள்ள அங்கன்வாடிக்குப் பேசுங்கள்.

8. வதந்தி பரவும் நாட்களில்

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பயத்தில் பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் இந்தியில் விளக்கம் சொன்னார்கள். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் பேசினார்கள். பெரியவர்கள் போனில் பார்த்த அந்தப் பயம் மறுநாள் காலை வகுப்புக்குள்ளும் வந்திருக்கும்.

செய்ய வேண்டியவை

• அப்படிப்பட்ட நாளில் பாடத்துக்கு முன் பத்து நிமிடம் பேசுங்கள். “இந்த வகுப்பில் இருக்கும் எல்லோரும் இந்த வகுப்பின் பிள்ளைகள். வீட்டுக்குப் போகும்போது யாரும் தனியாகப் போக வேண்டாம்” என்று சொல்லி, ஒரே தெருப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள்.

• வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அன்றே ஆள் அனுப்புங்கள். ஆசிரியர் வாசலில் வந்து நிற்பதைவிட நம்பகமான செய்தி அந்தக் குடும்பத்துக்கு வேறில்லை.

செய்யக்கூடாதவை

• “உங்க ஆளுங்க”, “எங்க ஆளுங்க” என்று விளையாட்டுக்கும் பேசாதீர்கள்.

• சரிபார்க்காத வீடியோவைப் பெற்றோர் குழுவில் போடாதீர்கள். போட்டவரிடம் அழித்துவிடும்படி நேராகச் சொல்லுங்கள்.

9. பிள்ளை ஊர் திரும்பும்போது

செய்ய வேண்டியவை

• தீபாவளி, பொங்கல், ஹோலிக்கு முன் குடும்பங்களிடம் கேட்டுவையுங்கள். திரும்ப மாட்டோம் என்றால் மாற்றுச் சான்றிதழை அன்றே கொடுங்கள். கேட்டவுடன் கொடுக்கத் தலைமை ஆசிரியர் சட்டப்படி கடமைப்பட்டவர்.

• அந்தப் பிள்ளை என்ன கற்றது, எது நன்றாக வருகிறது என்று ஒரு பக்கம் எழுதி நோட்டில் வைத்து அனுப்புங்கள். மற்றப் பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு வரி எழுதட்டும். போகும் இடத்தில் அந்தப் பிள்ளை மறுபடி புதுப் பிள்ளை. கையில் அந்தத் தாள் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• இரண்டு வாரம் வரவில்லை என்றதும் பெயரை நீக்காதீர்கள். முதலில் லைன் வீட்டில் விசாரியுங்கள்.

• திரும்பி வந்த பிள்ளையிடம் “எங்க ஊரைச் சுத்திட்டு வர்றே?” என்று தொடங்காதீர்கள். இருக்கையும் நோட்டும் அப்படியே இருக்கின்றன என்று காட்டித் தொடங்குங்கள்.

வெள்ளிக்கிழமைச் சோதனை

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். கூட்டாளி முறை, பத்துப் பட அட்டைகள், வாராந்திர வட்டம் ஆகிய மூன்றோடு தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வகுப்புக்குக் கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளையிடம், தேவையானால் அட்டைகளின் துணையோடு, நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த வாரம் உன்னைப் பெயர் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்? கழிப்பறைக்குப் போகப் பயமாக இருந்ததா? ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வாய்?

எந்தக் கேள்விக்கு அந்தப் பிள்ளை தலைகுனிகிறதோ, அதில் அடுத்த வாரத்துக்கான வேலை இருக்கிறது. அந்த வேலையை நீங்களே எடுத்துச் செய்துவிடாதீர்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், குறையை மட்டும் வட்டத்தில் வைத்து, “இதை நாம் எப்படிச் சரி செய்யலாம்?” என்று கேளுங்கள். வழி சொல்வதும் அதைச் செய்து முடிப்பதும் பிள்ளைகளின் பொறுப்பு. அவர்கள் சொன்னபடி நடக்கிறதா என்று கூட நின்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.